இரண்டாவது ஆல்பத்தை யார் கேட்கிறார்கள்?

முதலில் ஒரு கணக்கெடுப்பு. 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டைக் கேட்காதவர்கள் கை தூக்கலாம். யாரும் தூக்க மாட்டீர்கள், தெரியும். அடுத்த கேள்வி. அந்தப் பாட்டில் ஒலிக்கும் அறிவு, 2024இல் தி அம்பாஸா என்ற இசைக்குழுவோடு சேர்ந்து 'வள்ளியம்மா பேராண்டி' என்று ஒரு ஆல்பம் வெளியிட்டார். அதை முதல் பாட்டில் தொடங்கிக் கடைசிப் பாட்டு வரை கேட்டவர்கள் எத்தனை பேர்? இங்கேதான் கொஞ்சம் இருமல், கொஞ்சம் செல்போனை எடுத்துப் பார்ப்பது எல்லாம் ஆரம்பிக்கும். "ஒண்ணு ரெண்டு பாட்டு கேட்டேன் ப்ரோ, நல்லாருந்துச்சு."

இந்தக் கட்டுரை அந்த 'ஒண்ணு ரெண்டு பாட்டு' மேல் ஒரு புகார்.

நான் ஆர்.கே.பேட்டைக்காரன். திருத்தணிக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். தமிழில் ஆரம்பித்த பேச்சு தெலுங்கில் முடியும். அறிவின் ஊரான அரக்கோணம் எங்களுக்கு ரயில் பிடிக்கிற ஊர். பக்கத்து ஊர்ப் பாசத்தில் எழுதுகிறான் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன், பாசம் இருக்கட்டும். ஆனால் இங்கே பேச வந்தது வேலை, பெயர், கூலி ஆகிய மூன்றைப் பற்றி. எதிர்ப்பு இசை என்று நாம் கொண்டாடுகிற ஒன்றின் முதல் பாட்டு ஹிட்டானதும் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறோம். அதே ஆள் தன் பெயரைச் சொல்லி, தன் காலில் நின்று அடுத்த ஆல்பத்தைக் கொண்டுவரும்போது நமக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. இதற்கு ரசனை மாறிவிட்டது என்று காரணம் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

*

இரண்டாவது ஆல்பம் என்ற பிரச்சினையை முதலில் அம்பலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பிரிட்டனின் பங்க் ராக் குழுக்கள். பங்க் என்றதும் நம்ம பசங்களுக்கு ஞாபகம் வருவது டி-ஷர்ட்டும் ஆணியடித்த பெல்ட்டும். அதை ஒரு நிமிஷம் ஓரமாக வையுங்கள். 1976, 77இல் லண்டனிலும் மான்செஸ்டரிலும் வேலையில்லாத பையன்கள் மூன்று கார்டு மட்டும் கற்றுக்கொண்டு மேடையேறினார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்த உண்மையான கேள்வி சத்தம் பற்றியது கிடையாது. ரெக்கார்டை யார் அழுத்துவது, யார் விற்பது, உறையில் என்ன அச்சிடுவது, காசு யாருக்குப் போவது என்பதுதான்.

தி கிளாஷ் என்ற குழுவை எடுத்துக்கொள்வோம். 1977 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனம் 1 லட்சம் பவுண்டுக்கு அவர்களை ஒப்பந்தம் செய்தது. அன்றைக்கே பங்க் செத்துவிட்டது என்று சக பத்திரிகைக்காரர்கள் எழுதிவிட்டார்கள். முதல் ஆல்பத்திலிருந்து எந்தப் பாட்டை சிங்கிளாக விடுவது என்பதைக் குழுவைக் கேட்காமலேயே நிறுவனம் முடிவு செய்தது. கோபத்தில் அவர்கள் 'கம்ப்ளீட் கன்ட்ரோல்' என்று நிறுவனத்தையே திட்டி ஒரு பாட்டு எழுதினார்கள். அந்தப் பாட்டையும் அதே நிறுவனம்தான் வெளியிட்டு விற்றது. திட்டு வாங்கினாலும் கல்லாவில் காசு விழுந்தால் சரி என்கிற ஞானம் முதலாளிகளுக்கு எப்போதுமே உண்டு.

1978 நவம்பரில் இரண்டாவது ஆல்பம் 'கிவ் எம் எனஃப் ரோப்' வந்தது. அமெரிக்க ரேடியோவுக்கு முதல் ஆல்பத்தின் ஒலி சரிப்படாது என்று அதை அங்கே வெளியிடாமல் வைத்திருந்த நிறுவனம், இரண்டாவதற்கு சாண்டி பெர்ல்மன் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரைப் போட்டது. ஒலி பளபளப்பானது. பிரிட்டனில் பட்டியலின் 2ஆம் இடம் வரை போனது. பழைய ரசிகர்களில் ஒரு பகுதி 'விலை போயிட்டாங்க' என்றது. முதல் ஆல்பம் வரும்போது யாருக்கும் உங்களைத் தெரியாது, அதனால் நீங்கள் சுதந்திரமாக இருக்கிறீர்கள். இரண்டாவது வரும்போது எல்லோருக்கும் உங்களிடமிருந்து ஏதோ ஒன்று வேண்டும். நிறுவனத்துக்குச் சந்தை, ரசிகனுக்குத் தன் பழைய உணர்ச்சி. இந்த இரண்டுக்கும் நடுவில் கலைஞன் சொல்ல வந்ததைக் கேட்க ஆள் இருக்காது.

இன்னொரு பாதையும் அப்போதே இருந்தது. பஸ்காக்ஸ் என்ற மான்செஸ்டர் குழு 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தன் சொந்த லேபிளில் நான்கு பாட்டுகளை வெளியிட்டது. முதலில் அடித்தது 1,000 பிரதி. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது தடவையில் பதிவானது என்பதை உறையிலேயே அச்சிட்டார்கள். அதே வருஷம் டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் என்ற குழு ஒரு படி மேலே போனது. தங்கள் முதல் ரெக்கார்டுக்கு ஆன மொத்தச் செலவு 153 பவுண்டு என்று அடுத்த ரெக்கார்டின் உறையில் போட்டார்கள். இவ்வளவுதான் ஆகும், நீயும் போய்ப் பண்ணு என்பதுதான் அதற்கு அர்த்தம். உலகத்தில் எந்த விளம்பரமாவது தன் அடக்கவிலையைச் சொல்லி, போட்டிக்கு ஆள் கூப்பிட்டிருக்கிறதா?

*

இருந்திருக்கிறது. நம்ம ஊரிலேயே, அதற்கு எழுபது வருஷம் முன்னால்.

1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வந்தது. அதன் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பெயர். நடத்தியவர் அயோத்திதாச பண்டிதர். சாதி பேதம் இல்லாத தமிழர் என்ற அடையாளத்தைச் சொன்னவர், அதைச் சொல்லத் தனக்கென்று ஒரு பத்திரிகை வேண்டும் என்று புரிந்துகொண்டவர். அடுத்தவன் பத்திரிகையில் இடம் கேட்டு நிற்பவனின் வாக்கியத்தை அடுத்தவன்தான் முடிப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அரை நூற்றாண்டு கழித்து சி.சு. செல்லப்பா 'எழுத்து' நடத்தினார். புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இன்றைக்கு இணைய இதழ் படிக்கிற நீங்கள் அந்தச் சிற்றிதழ் மரபின் வாரிசு என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்படுகிறவர்கள். செல்லப்பா தன் புத்தகத்தைத் தானே சுமந்ததைத் தியாகம் என்கிறோம். ஒரு ராப் பாடகர் தன் ஆல்பத்துக்குத் தானே ரீல்ஸ் போட்டால் 'ஓவர் செல்ஃப் ப்ரமோஷன்' என்கிறோம். இந்த இரண்டு அளவுகோல்களும் ஒரே பையில் எப்படிக் கிடக்கின்றன?

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு அயோத்திதாசரின் அந்தக் கருத்திலிருந்துதான் தன் பெயரை எடுத்துக்கொண்டது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. சாவு வீட்டு வாசலில் பாடுகிற கானா, பறை, கிடார், ராப் எல்லாம் ஒரே மேடையில். தமிழில் பங்க் என்ற சொல்லுக்கு நெருக்கமான நிகழ்வு ஒன்று உண்டென்றால் அதுதான் என்பேன். ஆணி பெல்ட் இல்லை, கோட் சூட் போட்டிருந்தார்கள். யார் கோட் சூட் போடலாம் என்பதும் இந்த நாட்டில் ஒரு அரசியல் கேள்விதானே.

அயோத்திதாசர் விஷயத்தில் இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 1914இல் அவர் இறந்தார். அவருடைய எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பெரிய தொகுதிகளாகப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தது 1999இல். 85 வருஷம். ஒரு பெயர் ஒருமுறை பட்டியலிலிருந்து விழுந்துவிட்டால் திரும்ப ஏற எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான அளவு எனக்குத் தெரியாது. பெயர்ச் சண்டையை ஈகோ என்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்க்கலாம்.

*

லண்டன் பங்க்குக்கும் தமிழுக்கும் நேரடியாகவே ஒரு கோடு இருக்கிறது. அதன் பெயர் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவம், கொஞ்ச காலம் சென்னை, 1986இல் அகதியாக லண்டன். 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயர், 'அருளர்'. 2007இல் வந்த இரண்டாவதற்கு அம்மாவின் பெயர், 'கலா'.

அந்த இரண்டாவது ஆல்பம் உருவான விதமே ஒரு கதை. அமெரிக்க விசா இழுத்தடித்தது. அங்கே உட்கார்ந்து பதிவு செய்ய முடியாமல் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று சுற்றினார். சென்னையில் உருமி மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு'வை வெட்டியெடுத்து ஆல்பத்தின் முதல் பாட்டில் ஒட்டினார். 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டு இன்னொன்றில் வருகிறது. உலகம் 'புது சத்தம்' என்று வியந்தது. நம்ம ஊர்ப் பசங்களுக்கோ அது ஆடி மாதத்து லவுட் ஸ்பீக்கர்.

சரி, அதன் விளம்பரம் எப்படி நடந்தது? வெளியீட்டையொட்டிய பேட்டிகளில் எம்.ஐ.ஏ. ஒரு விஷயத்துக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முதல் ஆல்பத்தின் மூளை டிப்ளோ என்ற ஆண் தயாரிப்பாளர்தான் என்று இசைப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. அவரைச் சந்திப்பதற்கு முன்பே ஒரு ரோலண்ட் எம்.சி. 505 பெட்டியை வைத்துக்கொண்டு தானே பாட்டு கட்டியவர் அவர். தன் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் முதல் ஆல்பம் தன்னுடையதுதான் என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் வருகிற துப்பாக்கிச் சத்தத்தை எம்.டி.வி. மாற்றியது. லெட்டர்மேன் நிகழ்ச்சியிலும் அது மாற்றப்பட்டது. குடியேறிகளைப் பற்றி அமெரிக்கா கொண்டிருக்கிற பயத்தைக் கிண்டல் செய்கிற பாட்டில், கிண்டலின் முனையை மட்டும் உடைத்துவிட்டு மெட்டை ஒளிபரப்பினார்கள்.

ஒரு வருஷம் கழித்து, ஒரு ஹாலிவுட் காமெடிப் படத்தின் டிரெய்லரில் அந்தப் பாட்டு வந்த பிறகு, அது அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடத்துக்கு ஏறியது. ஆல்பத்தால் ஆகாதது டிரெய்லரால் ஆனது.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுகிற கிடார், தி கிளாஷ் 1982இல் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து எடுத்தது. அதனால் பாட்டாசிரியர் பட்டியலில் எம்.ஐ.ஏ., டிப்ளோ ஆகியோரோடு கிளாஷின் நான்கு பேர் பெயரும் இருக்கிறது. ஒலிக்கிற ஒவ்வொரு முறையும் அவர்களுக்குப் பங்கு உண்டு. ரொம்ப நியாயம். அதே ஆல்பத்தின் முதுகெலும்பாக இருக்கிற அந்தச் சென்னை உருமியை யார் அடித்தார்கள்? பாட்டைக் கேட்டு சிலிர்த்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்? பதிவான கிடாருக்குச் சட்டத்தில் ஆசிரியர் உண்டு. பரம்பரையாக அடிக்கிற தோலுக்கு அது 'மரபு'. மரபுக்குச் செக் எழுத முடியாது, கவனித்தீர்களா?

*

இப்போது அரக்கோணத்துக்கு வருவோம்.

அறிவு காஸ்ட்லெஸ் கலெக்டிவில் இருந்தார். 2019இல் ஆஃப்ரோ என்ற இசையமைப்பாளரோடு 'தெருக்குரல்' ஆல்பம். 2021 மார்ச்சில் தீ, சந்தோஷ் நாராயணன் ஆகியோரோடு 'எஞ்சாயி எஞ்சாமி'. அந்தப் பாட்டின் உயிர் வள்ளியம்மாள், அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி அனுப்பப்பட்ட தலைமுறை. அந்த வெறுங்கைக்குத் தேதி இருக்கிறது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று மனிதர்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தரையும் கேட்கவில்லை. அந்தக் கணக்கில் பெயர்கள் இல்லை, தலைகள் மட்டும்தான். அப்படித் தலையாக எண்ணப்பட்ட ஒரு சமூகத்தின் பேரன், தன் பாட்டியின் பெயரைப் பாட்டுக்குள் வைத்தார். அதனால்தான் அவர் விஷயத்தில் பெயர் என்பது அலங்காரம் கிடையாது, பாட்டின் பொருளே அதுதான்.

பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் கேள்வி கேட்டார். சத்தம் கிளம்பிய பிறகு அறிவுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமல் ஒலித்தது. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது. அறிவு ஒரு அறிக்கை வெளியிட்டார். இசையமைத்தது, எழுதியது, பாடியது தான் என்றார். சந்தோஷ் நாராயணன் மறுத்து, அது மூவரின் கூட்டு உழைப்பு, இசைப்பணி தன்னுடையது என்றார். ஸ்டூடியோவுக்குள் யார் எதைச் செய்தார்கள் என்று வெளியில் நின்று தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவில், மூன்று வருஷமாகியும் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று சொன்னார். கோடிக்கணக்கான முறை ஓடிய பாட்டு. இரண்டு பக்கமும் கட்சி கட்டி அடித்துக்கொண்ட ரசிகர்கள் கடைசி வரை கேட்காத கேள்வி, காசு எங்கே என்பது.

இந்தச் சண்டைக்கு நம் இலக்கியச் சூழல் எப்படி எதிர்வினையாற்றியது? பாட்டு வந்தபோது 'மண்ணின் குரல்', 'தொல்மனம்', 'சூழலியல்' என்று கட்டுரைகள். உழைத்தவனுக்கு நிலம் இல்லை என்று சொன்ன பாட்டை, காட்டைக் காப்போம் என்ற பாட்டாக மாற்றி, எல்லோரும் வசதியாக உட்கார இடம் பண்ணிக்கொண்டார்கள். சண்டை வந்ததும் 'கலைஞர்களுக்குள் ஈகோ', 'அழகான பாட்டை அசிங்கமாக்கிட்டாங்க' என்று புலம்பல். 2024இல் அவர் 'வள்ளியம்மா பேராண்டி' என்று, மூன்று வருஷமாக நடந்த எல்லாவற்றுக்கும் பதிலாக, தன் பாட்டியின் பெயரையே தலைப்பாக வைத்து ஆல்பம் கொண்டுவந்தார். அப்போது அந்தக் கட்டுரையாளர்களில் பெரும்பாலானவர்களைக் காணவில்லை. தெருக்குரலுக்கு அடுத்து வந்த முழு ஆல்பம். சர்ச்சையைப் பற்றி ஆயிரம் பதிவு, ஆல்பத்தைப் பற்றிக் கையளவு. இதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர் காயம்பட்டவராக இருந்தவரை நமக்குச் சுவாரஸ்யம், வேலை செய்கிறவராக வந்ததும் சலிப்பு.

*

எதிர்த்தரப்பு வாதங்களைப் பார்ப்போம். முதல் வாதம் கொஞ்சம் கௌரவமானது. "நாட்டார் கலை எல்லாருக்கும் பொது. ஒப்பாரிக்கு யார் ஆசிரியர்? இதில் பெயர், உரிமை என்று பேசுவதே முதலாளித்துவம்."

கேட்க நன்றாக இருக்கிறது. நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன், 'எல்லாருக்கும் பொது' என்பது எங்கள் தொழிலில் தினசரிச் சங்கதி. ஓப்பன் சோர்ஸில் எம்.ஐ.டி. லைசென்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் கோடை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்றுக் காசாக்கலாம். எழுதியவனுக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை, எழுதியவர் பெயர் உள்ள குறிப்பை அழிக்கக் கூடாது. இவ்வளவு தாராளமான பொதுவுடைமையும் பெயரில் மட்டும் கையை வைக்க விடுவதில்லை. பொதுவில் வைப்பது என்றால் பெயரோடு வைப்பது. பெயரை எடுத்துவிட்டுப் பொது என்றால் அது அபகரிப்புக்குப் போட்ட பட்டுச் சட்டை.

எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் தறிச் சத்தம் கேட்கும். ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் எல்லாம் நெசவு ஊர்கள். பாவு ஒருத்தர் ஓட்டுவார், தார் ஒருத்தர் சுற்றுவார், தறியில் ஒருத்தர் நிற்பார். துணி வெளியூர்க் கடையில் தொங்கும்போது அதில் கடையின் பெயர் இருக்கும். நெசவாளிக்கு அதில் ஆச்சரியம் இல்லை, அவருக்குக் கூலிதான் கணக்கு. கலையில் நடப்பதும் அதே ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், இங்கே நெய்தவரிடம் "நீ கலைஞன், உனக்கு எதுக்குக் கணக்கு?" என்றும் சொல்லிவிடுகிறார்கள். கூலி தருகிற முதலாளிகூட அந்த வசனத்தைப் பேச மாட்டார். பேச நினைத்தால் தறி நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது வாதம் தூய்மைவாதிகளுடையது. "அறிவு சினிமாவுக்குப் போயிட்டாரு. 'மாஸ்டர்'ல விஜய்க்கு எழுதினவர் என்ன எதிர்ப்புக் கலைஞன்? பெரிய கம்பெனி, பெரிய மேடை, எல்லாம் விலை போன கேஸ்."

இது 1977இல் கிளாஷைப் பார்த்துச் சொன்ன அதே வசனம், ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை. விலை போகாமல் இருக்க யாரால் முடியும் என்று யோசித்திருக்கிறீர்களா? மாதச் சம்பளம் வருகிற ஆள், வார இறுதியில் எதிர்ப்புக் கவிதை எழுதிவிட்டு விலை போகாமல் இருக்கலாம். அந்தத் தூய்மைக்கு அலுவலகம் ஸ்பான்சர். கல்யாண பேண்ட் செட்டில் வாசிக்கிற பையனுக்கு, பம்பை உடுக்கைக்காரருக்கு, இரவெல்லாம் கூத்து கட்டுகிறவருக்கு அப்படியொரு ஸ்பான்சர் இல்லை. அவர்கள் முதல் நாளிலிருந்தே காசுக்குத்தான் வாசிக்கிறார்கள், பேசின காசு வரவில்லையென்றால் கேட்கவும் செய்கிறார்கள். அதனால் அவர்கள் கலை எங்கும் குறைந்துவிடவில்லை. சினிமாவில் ஒரு பாட்டு எழுதி, அந்தக் காசில் தன் ஆல்பத்தை எடுக்கிறவரைப் பார்த்து முகம் சுளிப்பது, அவருக்கு ஆல்பத்தால் மட்டும் பிழைக்க முடிகிற உலகத்தை நாம் உண்டாக்கியிருந்தால் நியாயம். அந்த உலகம் எங்கே இருக்கிறது?

*

அது ஏன் இல்லை என்பதைத் தொழில்காரன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன்.

ஸ்ட்ரீமிங் செயலியில் பாட்டு என்பது ஒரு கோப்பும் ஒரு படிவமும். படிவத்தில் முதன்மைக் கலைஞர், உடன் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று கட்டங்கள். பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து அடையாளம் உண்டு. கட்டங்களை நிரப்புவது பாட்டை ஏற்றுகிறவர், அதாவது பெரும்பாலும் லேபிள். செயலியின் திரையில் பெரிசாகத் தெரிவது முதன்மைக் கலைஞர் கட்டம். தேடினால் வருவது, பட்டியலில் சேர்வது, அட்டையில் படம் போடுவது என்று மற்றதெல்லாம் அதன் பின்னால் போகும். எழுதியவரின் பெயரைப் பார்க்க இரண்டு மூன்று இடங்களைத் தட்ட வேண்டும். அல்காரிதத்துக்குச் சாதி தெரியாது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். யார் பெயரை எந்தக் கட்டத்தில் போடலாம் என்று முடிவு செய்கிறவருக்குத் தெரியும்.

காசுக்கு வருவோம். நீங்கள் கட்டுகிற சந்தா நீங்கள் கேட்ட கலைஞருக்கு அப்படியே போவதில்லை. எல்லோருடைய பணமும் ஒரே அண்டாவில் விழுந்து, மொத்த ஓட்டத்தில் யாருக்கு எத்தனை பங்கோ அப்படிப் பிரியும். மாதம் முழுக்க நீங்கள் ஒரே ஒரு சுயாதீனக் குழுவைக் கேட்டாலும் உங்கள் காசில் பெரும்பகுதி நீங்கள் கேட்காத சூப்பர் ஹிட்டுக்குப் போகும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் இன்னொரு விதி: கடந்த 12 மாதங்களில் 1,000 முறைகூட ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. ஒரு ஆல்பத்தில் மக்கள் 'ஒண்ணு ரெண்டு பாட்டு' மட்டும் கேட்டால் மீதிப் பாட்டுகளின் கதி என்ன என்று புரிகிறதா? சின்னக் குழுவாக இருந்தால் அந்த மீதிப் பாட்டுகளுக்குச் சல்லிக்காசு வராது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் எழுதிக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று சட்டம் சொல்லிவிட்டது. நல்ல சட்டம். ஆனால் யார் எழுதினார், யார் இசையமைத்தார் என்பது படிவத்தில் சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். மறுபடியும் பெயர்.

அதனால்தான் விளம்பரத்தை ஆல்பத்துக்கு வெளியே உள்ள அசிங்கமான வியாபாரம் என்று ஒதுக்குவதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. 'ஒரு பைசாத் தமிழன்' என்ற தலைப்பும், உறையில் அச்சிட்ட 153 பவுண்டும், பாட்டியின் பெயரைத் தாங்கிய ஆல்பமும் ஒரே வேலையைச் செய்கின்றன. இது யாருடையது, இதற்கு என்ன ஆனது, நீ யாருக்குக் கொடுக்கிறாய் என்பதை முன்பக்கத்திலேயே சொல்லிவிடுகின்றன. ஒரு எதிர்ப்புக் கலைஞன் தன்னை விளம்பரம் செய்யவில்லையென்றால் அந்த இடம் காலியாக இருக்காது. வேறு யாரோ அவனை விளம்பரம் செய்வார்கள், அவர்கள் அட்டையில், அவர்கள் படத்தோடு.

ஆகவே வாசகர்களே, உங்களிடம் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள். பிடிக்கவில்லையா, பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள். மூன்றாவது பாட்டு இழுக்குது, ஐந்தாவதில் வரிகள் வெறும் கோஷம், எட்டாவதில் தாளம் பிரமாதம் என்று ஒரு சிறுகதைத் தொகுப்பை விமர்சிக்கிற மாதிரி விமர்சியுங்கள். கறாராக விமர்சிப்பதும் மரியாதைதான், 'மண்ணின் குரல்' என்று தடவிக் கொடுப்பதில் அது கிடையாது. எழுதும்போது தாளம் வாசித்தவர், கிடார் வாசித்தவர், பின்னணி பாடியவர் பெயரைத் தேடிப் போடுங்கள். கிடைக்கவில்லையென்றால் கிடைக்கவில்லை என்று லேபிளைக் கேட்டு எழுதுங்கள். நேரடி நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்குங்கள், பாஸ் கேட்காதீர்கள். கவிதைத் தொகுப்பை முன்பதிவு செய்கிற அதே கையால் ஆல்பத்துக்கும் காசு அனுப்புங்கள்.

இதழ் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. வருஷக் கடைசியில் சிறந்த பத்து நாவல், சிறந்த பத்து சிறுகதை என்று பட்டியல் போடுகிறீர்கள். அதே இடத்தில் அந்த வருஷம் வந்த தமிழ் சுயாதீன ஆல்பங்களையும் பட்டியல் போடுங்கள், வாசித்தவர்கள் பெயர் உட்பட. வள்ளியம்மாளின் பேரன் மூன்றாவது ஆல்பத்தோடு வரும்போது, அவரிடம் பழைய சண்டையைப் பற்றி மட்டும் கேட்கிற பேட்டி ஒன்று போதும் என்று இருந்துவிடாதீர்கள். அந்தப் பேட்டியைத்தான் எல்லோரும் எடுப்பார்கள்.